மோட்டார் வாங்குவோர் படும் பாடு

அச்சாரம் என்னும் சொல்லுக்குச் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் ஜனங்களிடையே நிச்சயமானதோர் அர்த்தம் உண்டு. புதன்சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் குடியானவர், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடித்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து விட்டாரானால், அந்தக் கணம் முதல் விலையும் மாறாது, மாடும் மாறாது. மறுநாள் கிராக்கி ஏறிற்று என்று விற்றவர் அதிகம் கேட்பதில்லை. இறங்கிற்று என்று வாங்கியவர் குறைத்துக் கொடுப்பதுமில்லை. பத்திரமோ, முத்திரைக் காகிதமோ, வக்கீலோ இந்த வியாபாரத்துக்குத் தேவைப்படவில்லை. அச்சாரம் இரு தரப்பாரையும் கட்டும் என்ற ஒரே தர்மத்தின் மீது தலைமுறை தலைமுறையாகச் சந்தைகள் நடந்து வந்திருக்கின்றன.

ஆனால் லட்சக்கணக்கான ரூபாய் புரளும் மோட்டார் கார் வியாபாரத்திலோ, வாங்குகிறவரை மட்டும் கட்டி, விற்கிறவரை எவ்விதத்திலும் கட்டாததான ஒரு விசித்திர அச்சாரம் வழக்கத்துக்கு வந்து நிலைத்திருக்கிறது. கிராக்கியுள்ள புதிய மாடல் ஒன்றைப் பதிவு செய்கிறவர் முன்பணம் கட்டுகிறார். வண்டி எந்த மாதம் வரும் என்று கேட்டால், உத்தேசமாக ஒரு காலம் வாயினால் சொல்லப்படுகிறது. என்ன விலை என்று கேட்டால், வண்டி கொடுக்கும் தினத்தில் என்ன விலையோ அந்த விலை என்று பதில் வருகிறது. தமக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதிலே வருவதில்லை. பொருள் எப்பொழுது வரும் என்பதும் தெரியாமல், விலை என்ன என்பதும் தெரியாமல், வரிசையில் தாம் நிற்கும் இடமும் தெரியாமல் ஒருவர் பணம் கொடுக்கிறாரென்றால், அதற்கு வியாபாரம் என்று பெயரிடுவது பொருந்துமா என்பதை வாசகர்களே யோசிக்க வேண்டும்.

சென்ற சில வருஷங்களில் நடந்த சம்பவங்களை நினைவுபடுத்துவது அவசியம். 2021 அக்டோபர் 7-ந் தேதி மஹிந்திரா கம்பெனியார் எக்ஸ்.யூ.வி. 700 என்னும் மாடலுக்குப் பதிவு திறந்தபோது ஒரு மணி நேரத்துக்குள் 25,000 பேர் பதிந்தனர். முதல் 25,000 பேருக்கு ஒரு விலை; அதற்குப் பின் வந்தவர்களுக்கு உயர்ந்த விலை. 2022 ஜூலை 30-ந் தேதி அதே கம்பெனியாரின் ஸ்கார்ப்பியோ-என் மாடலுக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் ஏற்பட்டன. பதிவுத் தொகை 21,000 ரூபாய். ஆரம்ப விலை முதல் 25,000 பேருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு வண்டி கொடுக்கும் தினத்து விலை என்று அறிவிக்கப்பட்டது. 2023 மே மாதத்தில் அக்கம்பெனியின் பல மாடல்களுக்கும் சேர்த்து நிலுவையில் நின்ற பதிவுகள் 2,90,000-க்கு மேற்பட்டவை. சில வகைகளுக்கு ஒன்றரை வருஷமும் அதற்கு மேலும் காத்திருக்க நேரிட்டது. 2024-ல் நெருக்கடி பல மாடல்களில் தணிந்தது உண்மையே. எனினும் அதே வருஷம் அக்டோபர் 3-ந் தேதி தார் ராக்ஸ் என்னும் வண்டிக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பதிவுகள் விழுந்தன. ஆகவே இது கழிந்து போன கதையன்று. புதிய மாடல் ஒன்று ஜனங்களின் மனத்தைக் கவரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் வியாதியாகும்.

கார் வாங்கும் சக்தியுள்ளவரின் கஷ்டத்துக்கு ஒரு தலையங்கமா என்று நமது நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். உழுகிறவனுக்கு உரம் கிடைக்கவில்லை, நெய்கிறவனுக்கு நூல் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டிய பத்திரிகை, மோட்டார் காரைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு நமது சமாதானம் இரண்டு. முதலாவதாக, கார் என்பது இன்று ஜமீன்தாரின் ஆடம்பரப் பொருளன்று. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் டாக்ஸிக்காரர், ராசிபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை அழைத்துச் செல்லும் வாடகை வண்டிக்காரர், நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தினமும் சுற்றி வரவேண்டிய வைத்தியர், வியாபாரத்துக்காக ஊர் ஊராய் அலையும் ஜவ்வரிசி வியாபாரி ஆகிய இவர்களுக்கெல்லாம் வண்டி தொழிற்கருவி. பழைய வண்டியை விற்று விட்டுப் புதிய வண்டிக்குப் பணம் கட்டிய டாக்ஸிக்காரர் ஒரு வருஷம் காத்திருந்தால், அது ஒரு வருஷத்து ஜீவனம் போவதாகும். இரண்டாவதாக, அநியாயமான ஒப்பந்தம் பணமுள்ளவரிடம் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டால், நாளைக்கு ஏழையிடம் அது இரட்டிப்பு வேகத்தில் செலுத்தப்படும். படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் எதிர்க்காத ஷரத்தைப் படியாதவர்கள் எவ்விதம் எதிர்ப்பார்கள்?

காத்திருப்பு நமது தேசத்துக்குப் புதியதன்று. சுதந்திரம் வந்த பின் நெடுங்காலம் அம்பாஸடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று கார்களைத் தவிர வேறு கார் ஜனங்களுக்குக் கிடையாது. எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சர்க்கார் லைசென்ஸ். யாருக்கு எப்படி விற்கலாம் என்பதற்கு 1959-ம் வருஷத்து மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவு. என்ன விலை என்பதில் கம்பெனியாருக்கும் சர்க்காருக்கும் சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு. சேலத்தில் வக்கீலாக இருந்து, இந்நகரின் முனிசிபல் சேர்மன் பதவியையும் வகித்த ராஜாஜி, இம்முறைக்கு லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்று பெயர் சூட்டி, அதே 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதை வாசகர்கள் அறிவார்கள். அவருடைய மற்ற கொள்கைகளை ஏற்றவரும் மறுத்தவரும் உண்டு. ஆனால் சரக்குப் பஞ்சம் விற்பவரை எஜமானனாக்கி வாங்குபவரை யாசகனாக்கும் என்ற ஒரு விஷயத்தில் அவர் சொன்னது அனுபவத்தில் நிரூபணமாயிற்று. ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த குடும்பங்களை இன்று அறுபது வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

1983-ல் சர்க்கார் கம்பெனியாகிய மாருதி உத்யோக் சிறிய காருக்குப் பதிவு திறந்தபோது, பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிந்தனர். அவ்வருஷம் டிசம்பர் 14-ந் தேதி முதல் கார் வெளிவந்தது. அப்பொழுது காத்திருந்தவர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக் கொள்ள ஒரு காரணம் இருந்தது. தேசத்தில் தொழிற்சாலைகள் சில, அந்நியச் செலாவணி அரிது, கட்டுப்பாடு எங்கும். 1991-க்குப் பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பல தேசத்துக் கம்பெனிகள் வந்தன. நமது மாகாணத்திலேயே ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் பெரும் கார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. போட்டி வந்தால் வாங்குகிறவன் ராஜா என்று பொருளாதார நிபுணர்கள் போதித்தார்கள். ராஜாவுக்கு இன்று கிடைத்திருப்பதோ ஒரு பதிவு ரசீதும், பொறுத்திருங்கள் என்ற உபதேசமும்தான். அன்றைய காத்திருப்பைச் சர்க்காரின் கட்டுப்பாடு உண்டாக்கியது. இன்றைய காத்திருப்பின் சுமை முழுவதையும் வாங்குகிறவர் தலையில் வைப்பது கம்பெனிகள் தாமே எழுதிக் கொண்ட ஷரத்துக்கள். பெயர் மாறியிருக்கிறது, யாசக நிலை மாறவில்லை.

கம்பெனியாருக்கு நியாயம் செய்யும் பொருட்டு அவர்கள் சொல்லும் காரணங்களையும் எடுத்துக் கூறுவோம். இக்காலத்துக் காரில் இன்ஜினைப் போலவே முக்கியமானது அதனுள் இருக்கும் மின்னணுச் சில்லுகள். ஒரு வண்டிக்கு நூற்றுக்கணக்கில் அவை வேண்டும். 2020-ல் பெருந்தொற்று வந்தபோது கார்க் கம்பெனிகள் சில்லு ஆர்டர்களைக் குறைத்தன. வீட்டிலிருந்து வேலை செய்யக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அவற்றை எடுத்துக் கொண்டனர். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் கடும் பனிப்புயல். மார்ச்சில் ஜப்பானிலுள்ள ரெனசாஸ் கம்பெனியின் நாகா தொழிற்சாலையில் தீ விபத்து. பின்னர் மலேயாவில் ஊரடங்கு. இவற்றால் உலகமெங்கும் கார் உற்பத்தி தடைப்பட்டது மெய்யே. தொழிற்சாலையை விஸ்தரிப்பதும் ஒரு நாள் வேலையன்று. கிராக்கி தணிந்த பின் யந்திரங்கள் சும்மா கிடந்தால் நஷ்டம் கம்பெனிக்கே. இவற்றையெல்லாம் நாம் ஒப்புக் கொள்கிறோம். உற்பத்தி தாமதப்பட்டதற்காகக் கம்பெனிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது நோக்கமன்று.

நமது ஆட்சேபம் வேறு. தாமதம் நேர்ந்தால் அதன் நஷ்டத்தை யார் தாங்குவது என்பதே கேள்வி. தொழிற்சாலையின் அளவு கம்பெனிக்குத் தெரியும். சில்லு எத்தனை வரும் என்பது அதற்கே தெரியும். பதிவுகள் எத்தனை என்பதும் அதற்கு மட்டுமே தெரியும். வாங்குகிறவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அப்படியிருக்க, அறிந்தவர் ஒரு பைசாவும் தாங்காமல், அறியாதவர் முழுவதையும் தாங்க வேண்டும் என்பது எந்தத் தேசத்து நியாயம்?

அந்த நஷ்டம் இன்னதென்று கணக்கிட்டுப் பார்ப்போம். முதலாவது, விலையேற்றம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் விலையை உயர்த்துவது கார்க் கம்பெனிகளின் வழக்கமாகிவிட்டது. பதினெட்டு மாதம் காத்திருப்பவர் இரண்டு மூன்று உயர்வுகளைச் சுமக்கிறார். இரண்டாவது, வரி. தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 15 சதவீதமாக இருந்தது. 2023 நவம்பரில் அது பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதமாகவும், அதற்கு மேல் 20 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. வரிக்குக் கணக்கிடப்படும் விலை 15 லட்சமானால், 2022-ல் பதிந்து உரிய காலத்தில் வண்டி பெற்றவர் 2,25,000 ரூபாய் செலுத்தியிருப்பார். அதே தினத்தில் பதிந்தும் 2023 டிசம்பரில் வண்டி வந்தவர் 2,70,000 ரூபாய் செலுத்தினார். யாதொரு தவறும் செய்யாமலே 45,000 ரூபாய் தண்டம்! மூன்றாவது, கடன். பாங்கி கொடுக்கும் சம்மதம் சில மாதங்களில் காலாவதியாகும்; திரும்ப விண்ணப்பிக்கும்போது வட்டி ஏறியிருக்கலாம். நான்காவது, பழைய வண்டி. மாற்றிக் கொள்வதாகப் பேசிய விலை மாதத்துக்கு மாதம் தேய்கிறது. ஐந்தாவது, முன்பணத்தின் வட்டி. ஒருவருக்கு 21,000 ரூபாய் அற்பமாகத் தோன்றலாம். லட்சம் பேர் கட்டினால் அது 210 கோடி. ஆறு சதவீதம் என்றாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் வட்டி. அந்த வட்டி யாருடையது?

இவற்றோடு நில்லாமல், வண்டி வந்தபின் நடைபெறும் சில்லறைக் கொடுமைகளும் உண்டு. இன்ன இன்ஷ்யூரன்ஸை எங்களிடமே எடுத்தால்தான் வண்டி, இத்தனை ஆயிரத்துக்கு அலங்காரச் சாமான்கள் வாங்கினால் சீக்கிரம் வண்டி என்று நிர்ப்பந்திக்கப்பட்டதாகக் காத்திருந்தவர்கள் குறைகூறுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பின்னால் பதிந்தவருக்கு முன்னால் வண்டி போயிற்று என்பது மற்றொரு குறை. எல்லா விநியோகஸ்தர்களும் இவ்வாறு செய்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனிக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று இரு பக்கமும் வசவு கேட்கும் யோக்கியமான விநியோகஸ்தர்கள் பலர் நம் ஜில்லாக்களில் உண்டு. ஆனால் வரிசை மறைவாக இருக்கும் இடத்தில், முறை தவறினாலும் தவறாவிட்டாலும் சந்தேகம் நீங்காது. வரிசையைப் பகிரங்கமாக்குவது யோக்கியர்களுக்கே அதிக லாபம்.

இனிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அதில் கட்டுப்படுத்தும் வர்த்தக முறை என்பதற்குக் கொடுத்துள்ள விளக்கத்தை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒப்புக் கொண்ட காலத்துக்குமேல் சரக்கைக் கொடுக்கத் தாமதித்து, அதனால் விலையேற்றம் விளைவதோ விளையக் கூடியதோ ஆனால், அது கட்டுப்படுத்தும் வர்த்தக முறை. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் மற்றொரு பொருளையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திப்பதும் அத்தகையதே. கார் வாங்குவோரின் இரு பெரும் குறைகளும் சட்டத்தில் பெயர் சொல்லாமல் வர்ணிக்கப்பட்டிருக்கின்றன என்றே கூறலாம்.

அப்படியானால் பரிகாரம் ஏன் கிடைக்கவில்லை? ஒப்புக் கொண்ட காலம் என்ற இரண்டு சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலம் எழுதப்பட்டால் சட்டம் கடிக்கும். ஆகவே காலம் எழுதப்படுவதில்லை. ரசீதில் உத்தேசம் என்ற ஒரு சொல்லை அச்சிட்டுவிட்டால், பாராளுமன்றம் இயற்றிய பாதுகாப்பு முழுவதும் பஞ்சாய்ப் பறந்து விடுகிறது. காலம் குறிக்கப்படாத இடத்தில் நியாயமான காலத்துக்குள் சரக்கை அனுப்ப வேண்டும் என்று 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் விதிக்கிறது. ஆனால் எது நியாயமான காலம் என்று ஒவ்வொருவரும் தனித் தனியே வழக்காடித் தீர்மானிக்க வேண்டுமென்றால், வண்டி வருவதற்குள் வழக்கு முடியுமா? ஒரு தரப்பாகவே சாயும் அநீதியான ஒப்பந்தங்களை எதிர்க்கவும் 2019-ம் வருஷத்துச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அந்த வழக்கை ஜில்லா கமிஷனில் தொடர முடியாது, மாநிலக் கமிஷனுக்குத்தான் போக வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் எத்தனை பேர் இருபத்தோராயிரம் ரூபாய்க்காகச் சென்னைக்கு நடப்பார்கள்?

எனினும் உள்ள உரிமையைக் கையாளாதிருப்பது சரியன்று. கம்பெனியின் தலைமை ஸ்தலம் பம்பாயானாலும் டில்லியானாலும், வழக்காளி வசிக்கும் ஜில்லாவிலேயே நுகர்வோர் கமிஷனில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரையானால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தம் கையாலேயே டாக்ஸி ஓட்டி ஜீவனம் செய்பவரும் நுகர்வோரே என்று சட்டம் ஒப்புக் கொள்கிறது. 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் புகார் பதியலாம். வாயினால் சொன்ன வாக்கைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள் என்பதே நாம் எல்லோருக்கும் சொல்லும் முதல் யோசனை. எழுத மறுத்தால், மறுத்தார்கள் என்பதையாவது ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பி நகல் வைத்துக் கொள்ளுங்கள்.

நியாயமாக நடக்கவே முடியாது என்று கம்பெனிகள் சொல்வார்களானால், நடந்து காட்டிய உதாரணங்கள் நம்மிடம் இருக்கின்றன. 2009-ல் டாட்டா கம்பெனியார் நானோ காருக்கு ஏப்ரல் மாதத்தில் பதிவு நடத்தினார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிந்தனர். குலுக்கல் முறையில் ஒரு லட்சம் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; அந்த ஒரு லட்சம் பேருக்கு ஆரம்ப விலை காப்பாற்றப்பட்டது; நெடுநாள் காத்திருக்கச் சம்மதித்தவர்களின் முன்பணத்துக்கு 8.5 சதவீத அளவில் வட்டி கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். அந்தக் கார் பிற்பாடு சந்தையில் வெற்றி பெறவில்லை. ஆனால் பதிவு செய்தவர்களை நடத்திய முறையில் குறை சொல்ல இடமில்லை. 2023 ஏப்ரலில் டொயோட்டா கம்பெனியார் இன்னோவா ஹைகிராஸின் உயர்ந்த வகைகளுக்குப் புதிய பதிவுகளை நிறுத்தி வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் ஜப்பானில் சுஸுகி கம்பெனியார், நமது தேசத்திலேயே செய்து அங்கு அனுப்பும் ஐந்து கதவு ஜிம்னிக்கு, மாதம் 1,200 வண்டிகள் விற்கலாம் என்று எண்ணியிருக்க, நான்கு நாளில் 50,000 ஆர்டர்கள் குவிந்ததும் பதிவையே மூடி விட்டார்கள். அந்தக் கணக்குப்படி கடைசி மனிதர் மூன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும். அது தகாது என்று கண்டதும் கதவைச் சாத்தியது நேர்மை. ஜப்பான்காரருக்குக் காட்டப்படும் இம்மரியாதை, அந்த வண்டியைச் செய்யும் தேசத்து ஜனங்களுக்கு ஏன் காட்டப்படக் கூடாது?

நமது ஊரையே பாருங்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் லாரிக்குக் கூண்டு கட்டும் தொழில் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. ஓசூரிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ சேஸ் வந்து நிற்கிறது. மரம் என்ன, இரும்பு என்ன, கூலி என்ன என்று பேசி, தொகை முடிவாகி, வேலைக்குத் தக்கபடி பணம் கைமாறுகிறது. உரிமையாளர் எந்த நாளும் பட்டறைக்குச் சென்று வேலை எவ்வளவு ஆகியிருக்கிறதென்று கண்ணால் பார்க்கலாம். சொன்ன நாளுக்கு நாலு நாள் தவறினால் சண்டை வரும். சண்டை வருமென்பதாலேயே நாள் காப்பாற்றப்படும். ஆங்கிலம் படியாத மேஸ்திரி காப்பாற்றும் ஒழுங்கை, ஆயிரம் கோடி மூலதனமுள்ள கம்பெனி காப்பாற்ற இயலாது என்றால் யார் நம்புவார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லியே தீர வேண்டும். வாங்குபவர்களிடமும் குற்றம் உண்டு. ஓட்டிப் பாராத, கண்ணாலும் காணாத வண்டிக்கு அரை மணி நேரத்தில் லட்சம் பேர் பணம் கட்டுவது நிதானமுள்ள ஜனங்கள் செய்யும் காரியமா? எது முதலில் வருகிறதோ பார்க்கலாம் என்று மூன்று கம்பெனிகளில் பதிந்து வைப்பவர்கள், உண்மையில் தேவையுள்ள மூன்று பேரின் வரிசையை நீட்டுகிறார்கள். வந்த வண்டியைப் பதிந்த மையின் ஈரம் காயுமுன் அதிக விலைக்கு விற்பவர்கள், மாருதி காலத்திலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பெருங்கூட்டமே விளம்பரமாகிறது, விளம்பரம் மேலும் கூட்டத்தைக் கூட்டுகிறது. நிமிஷத்துக்கு இத்தனை பதிவுகள் என்று கம்பெனி பறைசாற்றும்போது, அது கம்பெனியின் பெருமையாக மட்டுமே நமக்குத் தோன்றுகிறது. நிமிஷத்துக்கு இத்தனை பேர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பது தோன்றுவதில்லை.

ஆனால் வாங்குபவர்களுக்குள்ள பலமும் சாமானியமானதன்று. 2025 ஆகஸ்டு 15-ந் தேதி சரக்கு சேவை வரி குறையும் என்று பிரதம மந்திரி அறிவித்தார். செப்டம்பர் 22-ந் தேதி புதிய விகிதங்கள் அமுலாயின. சிறிய கார்களுக்கு வரி 18 சதவீதமாயிற்று. பெரிய கார்களுக்கு மேல்வரி நீங்கி 40 சதவீதமாயிற்று. இடையிலிருந்த ஐந்து வாரங்களில் வாங்குபவர்கள் கையைக் கட்டிக் கொண்டிருந்தனர். மேல்வரி கட்டிய சரக்கு கிடங்கில் நிற்கிறதே என்று விநியோகஸ்தர்கள் சர்க்காரிடம் முறையிட்டார்கள். அவர்களுடைய கஷ்டம் உண்மையான கஷ்டமே. ஆயினும் ஐந்து வாரக் காத்திருப்பு வியாபாரிகளுக்கு இவ்வளவு வலித்ததென்றால், ஒன்றரை வருஷக் காத்திருப்பு வாங்குபவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை அவர்கள் இப்பொழுதாவது உணர்ந்திருப்பார்கள். ஜனங்கள் ஒன்றாக நின்றால் சந்தை அசையும் என்பதும் அப்பொழுது ருசுவாயிற்று.

ஆகவே நாம் வேண்டுவது யாது? மீண்டும் லைசென்ஸ் ராஜ்யத்தையா? விலையைச் சர்க்கார் நிர்ணயிக்க வேண்டும் என்றா? ஒருகாலும் இல்லை. எவ்வளவு செய்வது, என்ன விலை வைப்பது என்பவை கம்பெனியின் சுதந்திரம். ஆனால் ஜனங்களிடமிருந்து முன்பணம் வாங்கிய பின், வாங்கியவரைக் கட்டும் ஒழுங்கு வேண்டும். வீடு கட்டி விற்பவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் பணத்தை வாங்கிக் கொண்டு ஜனங்களை அலைக்கழித்தார்கள். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வந்து, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தில் வீடு ஒப்படைக்கும் தேதி குறிக்க வேண்டும், தவறினால் வட்டி கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதனால் வீடு கட்டும் தொழில் அழிந்து போகவில்லை. வீட்டுக்குப் பொருந்தும் நியாயம் வண்டிக்குப் பொருந்தாதா?

புதிய சட்டம்கூட அவசியமில்லை. 2019-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்டுள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை, மயக்கும் விளம்பரங்களைப் பற்றி 2022-லும், இணைய வியாபாரத்தில் நடக்கும் ஏமாற்று முறைகளைப் பற்றி 2023-லும் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. மோட்டார் வண்டிப் பதிவுகளுக்கும் அவ்வாறே நெறிமுறை வெளியிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அதில் ஐந்து விஷயங்கள் அடங்க வேண்டும். முதலாவது, பதிவு ரசீதில் வரிசை எண்ணும், வண்டி கொடுக்கும் மாதமும் எழுதப்பட வேண்டும். வரிசை நகருவதை எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். இரண்டாவது, அம்மாதம் வரை பதிவு தினத்து விலையே செல்லுபடியாக வேண்டும். அதற்குப் பின் ஏறும் விலையும் வரியும் தாமதித்தவர் பொறுப்பு. மூன்றாவது, குறித்த மாதம் தாண்டியதும் முன்பணத்துக்கு வட்டி. திருப்பிக் கேட்டால் பிடித்தமின்றி ஒரு வாரத்தில் முழுத் தொகை. நான்காவது, இன்ஷ்யூரன்ஸும் அலங்காரச் சாமான்களும் வாங்குபவர் இஷ்டம் என்பதை ரசீதிலேயே தமிழில் அச்சிட வேண்டும். ஐந்தாவது, ஒரு வருஷ உற்பத்திக்கு மேல் பதிவு குவிந்தால் பதிவை நிறுத்த வேண்டும்.

இவ்வைந்தில் ஒன்றாவது கம்பெனியின் லாபத்தில் கை வைப்பதாகும் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையாகக் கணக்கிட்டு உண்மையாகச் சொல்லும் கம்பெனிக்கு இவற்றால் ஒரு பைசா நஷ்டமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லுகிறவர்களுக்கும், தெரிந்ததை மறைக்கிறவர்களுக்கும்தான் நஷ்டம். அந்த நஷ்டம் அவர்களுக்கு உரியதே.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் பாராளுமன்ற அங்கத்தினர்களுக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கும், வர்த்தக சங்கத்தார்க்கும், லாரி மற்றும் டாக்ஸி உரிமையாளர் சங்கங்களுக்கும் நாம் இவ்விஷயத்தைச் சமர்ப்பிக்கிறோம். ஊருக்கு ஒருவர் புலம்புவதால் பயனில்லை. சங்கங்கள் மூலம் மனுக்கள் டில்லிக்குப் போக வேண்டும். பாராளுமன்றத்தில் கேள்விகள் எழ வேண்டும். எழுத்தில் தேதி கொடாத ரசீதுக்குப் பணம் கட்டுவதில்லை என்ற உறுதி ஜனங்களிடையே பரவ வேண்டும். லாரிக் கட்டணத்துக்காகவும் டீசல் விலைக்காகவும் தேசமே திரும்பிப் பார்க்கும்படி கிளர்ச்சி செய்து பழகிய ஜில்லாக்கள் இவை. அந்தச் சக்தியில் ஒரு துளியை இதில் செலவிட்டால் போதும். அச்சாரம் வாங்கினவர் கட்டுப்பட்டவர் என்ற நம் சந்தையின் பழைய தர்மம், கண்ணாடி மாளிகைகளில் நடக்கும் புதிய சந்தைக்கும் அப்பொழுது வந்து சேரும்.